சிக்னலில் திணறும் வண்டி: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

என்னுடையது 2012 மாடல், 150 சிசி பைக். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்க கார்புரேட்டர் இருக்கிற வண்டி. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வடபழனி சிக்னலில் நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால்தான் வம்பு. ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. ஹேண்டில் அதிரும், வண்டி விக்கும், அப்புறம் வெடுக்கென்று முன்னால் பாயும். பின்னால் மாநகரப் பேருந்து உறுமிக்கொண்டு நிற்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. நெரிசலில் 20, 25-இல் ஊர்ந்து போகும்போதும் இதே கதைதான். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது பரவாயில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, அதாவது அலுவலகத்தை நெருங்கும் நேரத்தில், தொல்லை கூடிவிடும்.

சர்வீசுக்கு விட்ட இடத்தில் பிளக்கை மாற்றினார்கள், ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை, ஏற்றிக் கொடுத்தார்கள். திணறல் குறைந்த மாதிரிதான் இருந்தது. இது பழைய வித்தை. ஐடிலிங்கை ஏற்றினால், கார்புரேட்டரில் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை வால்வு எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். எஞ்சின் திணறுகிற இடத்தை முன்கூட்டியே தாண்டி நிற்கும். நோய் அப்படியே இருக்கும், சிக்னலில் நிற்கும்போது வண்டி மட்டும் கத்திக்கொண்டிருக்கும். மறுபடி கொண்டுபோனபோது, “கார்புரேட்டரே போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்றார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தகரக் கூரை, ஒரு மரப்பெட்டி, நாலு வண்டி நிற்கிற இடம். எந்த வேகத்தில் திணறுகிறது என்று நான் விவரமாகச் சொல்லிக்கொண்டே போனபோது நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஸ்பீடை விடுங்க தம்பி. ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகும்போது திணறுது? அதப் பாத்துட்டு வாங்க.” எனக்கு வழி திறந்தது இந்தக் கேள்வியில்தான்.

அதற்கு முன்னால் அவர் ஒரு வேலை செய்தார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை அணைத்து, கியரில் வைத்துவிட்டு பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். மெதுவாகப் போகும்போது வண்டி குதிப்பதற்கு எஞ்சின்தான் காரணம் என்று இல்லை. செயின் தளர்ந்திருந்தால், ஆக்சிலேட்டரை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொய்வு முழுவதும் இழுபட்ட பிறகுதான் சக்கரம் சுற்றும். கைக்கு அது எஞ்சின் திணறுவது போலவேதான் தெரியும். பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்து போனாலும் அப்படியே. பெரும்பாலான சின்ன வண்டிகளுக்குச் செயினின் கீழ்ப்பக்க நடுவில் 25 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். என் செயின் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் ஏராளம்.

இன்னொன்றும் கேட்டார்: எந்த கியரில் ஓட்டுகிறேன் என்று. மைலேஜ் ஆசையில் 30-இல் ஐந்தாவது கியரைப் போட்டு ஓட்டினால் எந்த எஞ்சினும் முக்கும். அது கோளாறு இல்லை, கீழே ஒரு கியர் தட்டினால் போய்விடும். நம் ஊரில் திணறுகிறது என்று வருகிற வண்டிகளில் சிலவற்றுக்கு இதுதான் மருந்து.

சரி, ஆக்சிலேட்டர். வெள்ளை டேப் ஒரு துண்டை கைப்பிடி ரப்பர் மேல் ஒட்டினேன். அதற்குப் பக்கத்தில், அசையாத ஸ்விட்ச் பெட்டியின் மேல் இன்னொரு துண்டு. கைப்பிடி முழுதாக மூடியிருக்கும் இடம், முழுதாகத் திறக்கும் இடம், நடுவில் கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நூறடி சாலை காலியாகக் கிடக்கும்போது போய், ஒவ்வொரு கோட்டிலும் கையை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். டேப்பையே பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். திணறியதும் கையை அப்படியே பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தால் போதும். முடிந்தால் பின்னால் ஒருவரை உட்காரவைத்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் தெரிந்தது என்னவென்றால், வேகத்துக்கும் திணறலுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது கியரில் 40-இல் போகும்போதும் கையை அந்தக் குறிப்பிட்ட அளவுக்கு மூடினால் அங்கேயும் விக்கியது. முதல் கோட்டைத் தொடுவதற்கு முன்னால், அதாவது கால் பங்குக்கும் குறைவாகத் திறந்திருக்கும்போது மட்டும். அதைத் தாண்டினால் வண்டி வெண்ணெய்.

கார்புரேட்டருக்குள் ஒரே வழியாகப் பெட்ரோல் போவதில்லை என்பது தெரிந்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். மூடிய நிலையிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு வரை எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட் என்ற நுண்துளைத் துண்டு, நம் மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்பார்கள். கால் முதல் முக்கால் வரை, மேலும் கீழும் நகரும் ஸ்லைடில் தொங்கும் ஊசியின் ஆட்சி. அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கத்தியால் வெட்டியது போல இருக்காது, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். என்றாலும் முதல் கால் பங்குக்குள் மட்டும் தொல்லை என்றால் மெயின் ஜெட்டையும் ஊசியையும் நோண்ட வேண்டியதில்லை. பாதி வேலை அங்கேயே மிச்சம்.

அடுத்த கேள்வி: எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லையா, மிஞ்சிவிட்டதா? இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோல் கூடுதலான கலவை கொடுக்கும் சோக் போதும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, திணறுகிற அதே நிலையில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சூடான எஞ்சினுக்கு சோக் போட்டால் மோசமாகத்தான் ஆக வேண்டும். அப்படி ஆகாமல் திணறல் குறைந்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். அப்போது பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும், ஏர் ஃபில்டர் அடைப்பு, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரம், முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாத சோக் இவற்றைப் பார்க்க வேண்டும். சோக்கால் எந்த மாற்றமும் இல்லையென்றால் பிளக், டேப்பட் (வால்வைத் தட்டித் திறக்கும் இடத்தின் இடைவெளி) பக்கம் போகலாம். என் வண்டியில் சோக்கைப் பாதி இழுத்ததும் திணறல் அப்படியே அடங்கிப்போனது. பிளக்கின் நுனியும் காபி நிறத்துக்குப் பதில் வெளுத்திருந்தது. சைலன்சரிலும், கையை மூடி இறக்கத்தில் வரும்போது “பட், பட்” என்று சத்தம். மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின.

பட்டினி என்றால் இரண்டில் ஒன்று. பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது எங்கிருந்தோ காற்று அதிகமாக வருகிறது. அண்ணன் பெட்ரோல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் உள்ளே இருப்பதைப் பிடித்து, கொஞ்ச நேரம் அசையாமல் வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் குமிழ் குமிழாகத் தங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு அவர் கடையில் இந்த பாட்டில் சோதனை ஒன்றைத்தான் வாரக்கணக்கில் செய்துகொண்டிருந்தாராம். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கல் உண்டு. கொஞ்சம் தண்ணீர் வரை எத்தனால் அதைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தே பிரிந்து கீழே இறங்கிவிடும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்த வண்டியை மழையில் நிறுத்தினால் இதுதான் நடக்கும். என் பாட்டிலில் தண்ணீர் இல்லை. கொஞ்சம் துருத்தூள் இருந்தது.

துரு இருந்ததால் கார்புரேட்டரைக் கழற்றினோம். பைலட் ஜெட் ஒரு சின்ன பித்தளைத் துண்டு. சுண்டு விரல் நகம் அளவுகூட இல்லை. நடுவில் இருக்கும் துளையை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். எனக்கு வட்டம் தெரியவில்லை, பிறை தெரிந்தது. ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் படிந்திருந்தது. நின்றுபோன பெட்ரோல் ஆவியானால் விட்டுப்போகும் படிவு அது. கார்புரேட்டர் கிளீனரை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதினோம். அப்படியும் போகாத மிச்சத்தை மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் எடுத்தார். பிரேக் கேபிள் கம்பி, ஊசி, பின் எதையும் உள்ளே விடக்கூடாது. பித்தளை மிருதுவானது, எஃகு பட்டால் துளை பெரிதாகிவிடும். ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் துளை வேறாகவும் போய்விட்டால் அதன் பிறகு என்ன செட்டிங் செய்தாலும் பிடிபடாது. ஊசி விட்டுக் குத்திய ஜெட் என்று சந்தேகம் வந்தால் புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே மேல், அதிக விலை இல்லை.

பெரும்பாலான இடங்களில் கார்புரேட்டர் கிளீன் என்றால் இதோடு முடிந்துவிடும். அண்ணன் அங்கே நிறுத்தவில்லை. பைலட் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் ஒரே துளையில் வெளியே வருவதில்லை. பட்டர்ஃபிளை வால்வின் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில், குழாயின் உட்சுவரில், வரிசையாக இரண்டு மூன்று நுண்ணிய துளைகள் இருக்கும். ஐடிலிங்கில் எஞ்சின் பக்கம் இருக்கும் ஒரு துளை மட்டும் வேலை செய்யும். கையை லேசாகத் திருகியதும் வால்வின் விளிம்பு நகர்ந்து, இந்த வரிசைத் துளைகள் ஒவ்வொன்றாகப் பெட்ரோல் விடத் தொடங்கும். இவை அடைந்திருந்தால் ஐடிலிங் அருமையாக நிற்கும், கையைத் திருகிய உடனே மட்டும் திணறும். நிற்கும்போது ஒழுங்காகத்தானே இருக்கிறது, ஸ்லோ ஜெட்டில் பிரச்சினை இல்லை என்று பலர் தப்பாக முடிவு செய்வது இதனால்தான். ஐடிலிங் கலவையைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கிளீனர் குழாயை வைத்து அடித்தால், உட்சுவரில் ஒவ்வொரு துளையிலிருந்தும் தனித்தனியே நூல் மாதிரி பீய்ச்ச வேண்டும். எங்களுக்கு முதலில் ஒன்றில்தான் வந்தது. மூன்றிலும் வரும் வரை அடித்தோம். கண்ணுக்கு நேராக வைத்து அடிக்காதீர்கள். எந்தப் பக்கம் பீய்ச்சும் என்று சொல்ல முடியாது, கிளீனர் கண்ணில் பட்டால் நெருப்பாய் எரியும்.

கழற்றும்போது கவனிக்க வேண்டிய இரண்டு பொருள்கள் உண்டு. மிக்ஸ்சர் ஸ்க்ரூவோடு ஒரு ஸ்பிரிங், ஒரு பொடி வாஷர், கடுகு அளவில் ஒரு ஓ-ரிங் இருக்கும். ஸ்பிரிங் கையில் வரும், மற்ற இரண்டும் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அல்லது காற்று ஊதும்போது பறந்துவிடும். ஓ-ரிங் இல்லாமல் மாட்டினால் ஸ்க்ரூ வழியாகவே காற்று புகும். இரண்டாவது, எஞ்சினின் உறிஞ்சலால் ஸ்லைடு மேலே ஏறும் சி.வி. வகை கார்புரேட்டரில் மேல் மூடிக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு. அதைக் கழற்றிவிட்டுத்தான் கிளீனர் அடிக்க வேண்டும். கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்து, திரும்ப அதன் இடத்தில் உட்காராது. அதையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஊசித் துளை இல்லை என்று உறுதி செய்தோம்.

எல்லாம் மாட்டி ஓட்டினால் நல்ல மாற்றம். ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. காலையில் சுத்தமாக இருக்கிற வண்டி, அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் லேசாக விக்கியது. ஜெட் அடைப்பாக இருந்தால் சூட்டுக்கும் குளிருக்கும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். இன்னொன்றும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. நியூட்ரலில் ரேஸ் செய்துவிட்டுக் கையை விட்டால் எஞ்சின் சட்டென்று இறங்கி வராமல், மேலேயே கொஞ்ச நேரம் தொங்கி நின்று மெல்ல இறங்கியது. எங்கோ காற்று புகுந்தால்தான் இப்படி நடக்கும்.

கார்புரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு தடித்த ரப்பர் குழாய் இருக்கிறது. கடையில் இன்லெட் ரப்பர் என்றோ மேனிஃபோல்டு ரப்பர் என்றோ கேட்டால் கொடுப்பார்கள். ஒரு பக்கம் எஞ்சின் சூடு, மறுபக்கம் கார்புரேட்டரின் எடை, இரண்டையும் வருடக்கணக்கில் தாங்குகிற பொருள். வெளியிலிருந்து பார்த்தால் என்னுடையது நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் இஸ்திரி போடுகிறவர்கள் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிப் புகையாக அடித்தார். மேலே அடித்தார், ஒன்றும் இல்லை. பக்கவாட்டில், ஒன்றும் இல்லை. அடிப்பக்கம் அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. ஆட்டம் நின்று ஒரு கணம் சீராக ஓடியது, தண்ணீர் உள்ளே இழுபட்டதும் மறுபடி பழையபடி. தண்ணீர் அந்தக் கண நேரம் விரிசலை அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு கார்புரேட்டர் கிளீனரையோ டபிள்யூடி-40-ஐயோ அடித்துப் பார்க்கச் சொல்கிற வீடியோக்கள் நிறைய உண்டு. அதிலும் தெரியும், இன்னும் தெளிவாகவே தெரியும். ஆனால் இரண்டுமே தீப்பற்றும், பக்கத்திலேயே சைலன்சர் பழுக்கக் காய்ந்திருக்கிறது, பிளக் கேப் கசிந்தால் பொறியும் பறக்கும். தண்ணீரில் தெரிகிற விஷயத்துக்கு நெருப்போடு விளையாட வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீரையும் பிளக் கேப் பக்கம் அடிக்காதீர்கள், புதிதாக ஒரு மிஸ்ஸிங்கை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

ரப்பரைக் கழற்றிக் கையில் வாங்கி அடிப்பக்கத்தை வெளிநோக்கி வளைத்தேன். மடிப்பின் பள்ளத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, சூட்டில் ரப்பர் இளகி, கார்புரேட்டர் கீழே இழுக்க இழுக்கத் திறந்திருக்கிறது. சூடானால் மட்டும் திணறியதன் காரணம் அங்கே கையில் கிடந்தது. வேகமாகப் போகும்போது ஏன் தெரியவில்லை என்பதும் இதில் அடங்கும். பட்டர்ஃபிளை மூடியிருக்கும்போது அந்தக் குழாய்க்குள் எஞ்சினின் உறிஞ்சல் மிக அதிகம், உள்ளே போகும் மொத்தக் காற்றோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் விரிசல் காற்று பெரிய பங்கு. முழுதாகத் திறந்தால் உறிஞ்சல் குறைந்து, மொத்தக் காற்று பல மடங்கு கூடி, விரிசல் வழியே வருவது கணக்கிலேயே வராது.

புது ரப்பர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. வாங்கும்போது ஹெட்டோடு சேரும் முகத்துக்கான ஓ-ரிங்கையும் சேர்த்து வாங்குங்கள். பழையது சப்பையாகி இருக்கும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் முகம் சாய்ந்து, புது ரப்பரிலும் காற்று புகும். கிளாம்ப் ரப்பரின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். சில வண்டிகளில் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய வேக்குவம் ஹோஸ் பிரிந்து போகும், அதன் நுனியும் வெடித்திருக்கலாம். நுனியை அரை இன்ச் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினாலே பல சமயம் சரியாகிவிடும்.

கடைசியாக மிக்ஸ்சர் செட்டிங். இதை முதலில் செய்வதுதான் பல இடங்களில் வழக்கம். காற்று புகுந்துகொண்டிருக்கும் வண்டியில் மிக்ஸ்சரைத் திருகுவது வீண் வேலை. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே முறுக்கினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறையும். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் விடிய விடியத் திருகலாம். எஞ்சினைச் சூடாக்கி, ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முறுக்கி, எத்தனை சுற்றில் தட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அதே அளவுக்குத் திரும்ப வெளியே எடுங்கள். தட்டிய பிறகு அழுத்தி முறுக்கினால் ஊசிமுனை நசுங்கும். அங்கிருந்து கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்தி, எஞ்சின் எங்கே அதிகமாகவும் சீராகவும் சுற்றுகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவால் ஐடிலிங்கை இறக்கிவிட வேண்டும். என் வண்டிக்கு அது 1400 ஆர்.பி.எம். பக்கம். கையைச் சடாரென்று திருகினால் திக்காமல் ஏறுகிறதா, விட்டால் உடனே இறங்குகிறதா, இந்த இரண்டும்தான் பரீட்சை.

என் ஸ்க்ரூ பழைய இடத்திலிருந்து முக்கால் சுற்று பெட்ரோல் கூடுதலான பக்கம் வந்து நின்றது. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு அண்ணன், “இப்ப வர்ற பெட்ரோலுக்கு இப்படித்தான் தம்பி நிக்குது, எல்லா பழைய வண்டியும்” என்றார். கணக்கும் அவர் பக்கம்தான். சாதாரணப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அந்த 14.7 ஏறக்குறைய 13.5-க்கு இறங்கிவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கணினி சொல்லிப் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி, சென்சாரைப் பார்த்துத் தானே கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது; பழைய அளவிலேயே கொடுக்கும், எஞ்சின் எட்டு சதவீதம் அளவுக்குப் பட்டினியாக ஓடும். இந்த 20 சதவீதக் கலவையான இ20-இன் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025-க்குள் ஏறக்குறைய எல்லா பெட்ரோல் பங்கிலும் அதுவே என்று ஆகிவிட்டது. 2012 வண்டியை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. எத்தனால் பழைய ரப்பரையும் சீக்கிரம் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் குழாயையும் கையோடு மாற்றிவிட்டேன்.

சோக் சோதனையில் எந்த மாற்றமும் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக் இடைவெளி, பிளக் கேப், டேப்பட் மூன்றையும் அந்த வரிசையில் பாருங்கள். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு பிளக் வயரைப் பார்த்தால், கசிவு இருக்கும் இடத்தில் நீலமாகப் பொறி தெரியும். டேப்பட்டில் பலரும் சத்தத்தை மட்டும் கவனிக்கிறார்கள். சத்தம் வருகிற தளர்ந்த டேப்பட்டைவிட, சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பட் மோசம். வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கசிய நேரம் அதிகம் என்பதால் திணறலும் அங்கேதான் தெரியும். என் வண்டிக்குப் புத்தக அளவு இன்லெட் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.10 மி.மீ. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காதால் செட் செய்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் செயின், பிளக், டேப்பட், இன்லெட் ரப்பர் எல்லாம் அப்படியே பொருந்தும். மச்சானுடைய வண்டி இதே மாதிரி திணறியபோது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியின் விளிம்பில் தார் மாதிரி கரி ஒட்டியிருந்தது. கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்ததோடு சரியாகிவிட்டது. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் மட்டும் கையை வைக்காமல் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

இப்போது வடபழனியில் வண்டி கேட்டபடி கிளம்புகிறது. மார்கழிக் காலையில் முதல் ஓரிரு நிமிடம் மட்டும் இன்னும் லேசாக விக்கும். பைலட் ஜெட்டை ஒரு எண் பெரிதாகப் போட்டால் அதுவும் போய்விடும் என்கிறார் அண்ணன். மைலேஜ் எவ்வளவு குறையும் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அதனால் பெரிய ஜெட் போடவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்கு சோக்கைப் பாதி இழுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.